பதிமூணாவது டர்ன்

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்துட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைன்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனா பல்லடத்துல இருந்து பாத்துட்டே வர்றேன், பொறுக்க முடியல. அந்தக் கோட்டைக்கு நேரா போய் முட்டாதீங்க. நடுவுல ஆறு ஓடுது பாருங்க. ஆத்துல எறங்கி அடிச்சா உங்க ஆளுகளுக்குப் பாதி பலம் போயிரும். அவன் மேல நின்னுட்டு வேடிக்கை பாப்பான்.

போச்சுங்களா. நாலு பட்டாளம். சொன்னேனில்ல.

இல்லீங்க, இந்தப் போன் ஆட்டமெல்லாம் நான் ஆடினதில்ல. எல்லாம் ஒரே மாதிரிதானுங்க. நீங்க ஒரு டர்ன், அவன் ஒரு டர்ன். நீங்க கையை எடுத்தாத்தான் அவன் கை வைக்க முடியும். நாங்க இதை அட்டையில ஆடினோம். பதினாறு வருஷம்.

அந்தக் குதிரைப் படையை ஏனுங்க சுவத்துக்கிட்டயே நிறுத்தி வச்சிருக்கீங்க? குதிரை சுவரேறுமா? அதைப் பொறத்தால அனுப்புங்க. அந்தா, கோட்டைக்குப் பின்னாடி ஒரு ரோடு போகுதில்ல, உள்ள இருக்கறவனுக்குச் சோறு அந்த வழியாத்தான் வருது. அது மேல குதிரையை நிறுத்திட்டீங்கன்னா அவனுக்கு நாள் எண்ண ஆரம்பிச்சாச்சு. பீரங்கி ரெண்டு கட்டம் தள்ளி நிக்கட்டும். டர்னுக்கு ஒரு தடவை சுடட்டும். அடிபட்ட பட்டாளத்தை முன்னால விடாதீங்க, பின்னாடி கூட்டிட்டு வந்து ஆறப் போடுங்க. கோட்டையைச் சுத்தி இருக்கற ஆறு கட்டத்தையும் அடைச்சுப்போட்டு கையைக் கட்டிட்டு உக்காரோணும். அதுதான் கஷ்டம். காலாளு கடைசிலதான். அதுவும் ஒரே டர்ன்ல மூணு பக்கத்துல இருந்து.

தாராபுரமுங்களா? நானும் தாராபுரந்தான். வியாழக்கிழமை எனக்கு வார லீவு. வேலையா? வேலை ஒண்ணும் இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு டீ குடிச்சுப்போட்டு அடுத்த வண்டியில திரும்பிருவேன். சும்மா ஒரு காத்தாட.

நான் ஒரு மில்லுல சப்ஸ்டேஷன் ஆபரேட்டருங்க. பேரு சென்னியப்பன். மூணு ஷிப்டு, மூணு ஆளு. காலைல ஆறுலருந்து ரெண்டு, ரெண்டுலருந்து பத்து, பத்துலருந்து ஆறு. வாரா வாரம் நேரம் மாறும், ஆனா வரிசை மாறாது. எனக்கு முன்னாடி எப்பவும் நாச்சிமுத்தண்ணன். அவரு எந்திரிச்சாத்தான் நான் உக்காரோணும். ஒரே சேரு. வேலைன்னு பாத்தா மணிக்கொருக்கா மீட்டரைப் பாத்து ரீடிங்கை லாக் புக்குல எழுதோணும். மீதி நேரம் டிரான்ஸ்பார்மர் உறுமறதைக் கேட்டுட்டு இருக்கோணும்.

ஆட்டத்தைக் கொண்டு வந்தது அண்ணன்தான். கோயமுத்தூர் போனப்ப ஒரு பழைய புஸ்தகக் கடையில பெட்டியோட கிடந்துச்சாம். ஆறு மூலைக் கட்டம் போட்ட ஒரு மேப்பு, தேன்கூடு மாதிரி. நடுவுல ஆறு, ஆத்து வளைவுல கோட்டை. அட்டையில வெட்டின பட்டாளம், ரெண்டு தாயக்கட்டை. பாதி அட்டை தொலைஞ்சு போயிருந்துச்சு, அதுக்குப் பதிலா போல்ட்டுக்குப் போடற வாசர் வச்சுக்கிட்டோம். இங்கிலீஷ்ல ஒரு சின்னப் புஸ்தகம். அகராதியை வச்சுட்டு அவரு அதை ஒரு மாசம் படிச்சாரு. மேப்பை ஓய்வு ரூம் மேசைக் கண்ணாடிக்கு மேல விரிச்சு வச்சோம். எந்த எலியும் எந்த மேனேஜரும் அந்த ரூமுக்கு வரமாட்டாங்க.

ஒரு ஷிப்டுக்கு ஒரு டர்ன். அவரு வீட்டுக்குப் போறப்ப, எதை நகத்தினாருன்னு நோட்டுல எழுதி வச்சிட்டுப் போவாரு. நான் அதைப் படிச்சிட்டு எட்டு மணி நேரம் யோசிச்சு என் டர்னை வைப்பேன். அடுத்த நாள் அவரு வந்து பாப்பாரு. ஒரு ஆட்டம் முடிய ரெண்டு மாசம் ஆகும், மூணு மாசம் ஆகும். எதிரெதிரா உக்காந்து ஒரு நாளும் ஆடினதில்லீங்க. ஷிப்டு மாத்தற பத்து நிமிஷந்தான் ரெண்டு பேரும் நேர்ல. அதுல சார்ஜ் குடுக்கறது ரெண்டு நிமிஷம். மிச்சம் எட்டு நிமிஷமும் கோட்டைதான். "என்ன சென்னியப்பா, தெக்கால பீரங்கி வச்சிருக்கே, யாரு கேட்டா?"ம்பாரு. நான் ஒண்ணு சொல்லுவேன். அவரு சிரிச்சுட்டே செருப்பை மாட்டுவாரு. அவ்வளவுதான். எனக்கு அந்த எட்டு நிமிஷம் போதுமுங்க. வீட்டுல நான் அவ்வளவு பேசற ஆளு கிடையாது.

கோட்டை எப்பவும் அவருது. நான் எப்பவும் வெளியே இருந்து தாக்கறவன். ஒருக்கா மாத்திக்கலாமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். கோட்டையைப் பிடிக்காம எடம் மாறறது எனக்குச் சரிப்படாது.

பிடிச்சீங்களான்னு கேக்கறீங்க. இல்லீங்க. பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல.

அந்த ஆட்டத்துல ஒரு சட்டமுங்க. கோட்டைக்குள்ள பன்னண்டு டர்னுக்குச் சோறு இருக்கும். ஆறு பக்கமும் அடைச்சு வச்சா, அன்னைல இருந்து எண்ணி பதிமூணாவது டர்ன்ல உள்ள இருக்கறவன் பலம் பாதியாயிரும். அப்ப அடிச்சா விழுந்துரும். இது எனக்குத் தெரியாதா? இந்தாங்க, இதுதான் நோட்டு. மில்லோட பழைய லாக் புக்கு. முன்னாடி பக்கமெல்லாம் ஆட்டம். பின்னட்டையில இருந்து திருப்பினா என் கையெழுத்து. கோட்டை பிடிக்கற வழி, மொத்தம் பதினொண்ணு எழுதி வச்சிருக்கேன். எட்டாவது வழி என்னன்னு பாருங்க. "பதிமூணாவது டர்ன் வரைக்கும் கை வைக்காதே." எழுதினவன் நானுங்க. ஆனா பத்தாவது டர்ன்ல எனக்குக் கை ஊறிரும். அவரு பட்டாளம் உள்ள சும்மா உக்காந்திருக்கும், என்னைப் பாத்துட்டே இருக்கும், எனக்குத் தாங்காது. முட்டிருவேன். ஆளுகளை எல்லாம் பறி குடுத்துட்டு மறுபடியும் முதல்ல இருந்து. அவரு அதை அவசரம்பாரு. அது தைரியமுங்க.

சரி. ஒன்னேகால் வருஷத்துக்கு முன்னாடி எங்க மூணாவது ஆளு ரிட்டையர்டு ஆனாரு. அந்த எடத்துக்கு ஒரு பையன், பையன்னா முப்பத்தஞ்சு வயசு, திருச்செந்தூர்ப் பக்கம், பேரு கிளெமென்ட். வரிசையில எனக்கு அடுத்தவன், அண்ணனுக்கு முந்தினவன். நான் அவன்கிட்ட சார்ஜ் குடுக்கோணும், அவன் அண்ணன்கிட்ட குடுக்கோணும். என்னை அண்ணாச்சின்னு கூப்பிடுவான். எங்க ஊருல மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். வந்த மூணாம் நாளே மேப்பு மேல குனிஞ்சு நின்னுட்டு, "இது என்ன ஆட்டம் அண்ணாச்சி?"ன்னான். கை படாம பாரு, கலைஞ்சிரும்னேன்.

ஆளு கெட்டவன்னு சொல்ல மாட்டேன். வேலை சுத்தம். பேச்சு மெதுவா இருக்கும். அதுவே ஒரு தினுசுங்க. சத்தமே இல்லாம வந்து நிப்பான்.

ஒரு நாள் வாட்ச்மேன் நோட்டு என் கண்ணுல பட்டுச்சு. யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்கன்னு எழுதுவாங்கில்ல, அது. சும்மா கண்ணுல பட்டுச்சு. நாச்சிமுத்தண்ணன் ஆறு மணி ஷிப்டுக்கு அஞ்சரைக்கே வந்திருக்காரு. அடுத்த நாளும் பாத்தேன். அஞ்சரை. பதினேழு நாள் பாத்தேன். பதினாறு நாள் அரை மணி நேரம் முந்தி, ஒரு நாள் இருபத்தஞ்சு நிமிஷம், அன்னைக்கு மழை. எங்கிட்ட சார்ஜ் குடுக்கறப்ப பத்து நிமிஷம். அவன்கிட்ட வாங்கறதுக்கு அரை மணி நேரம். என்னங்க நியாயம் இது?

அந்த அரை மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, எப்படிச் சொல்றது. பீரோவுக்கு மேல சுருட்டி வச்சிருந்தாங்க. ரெண்டாவது மேப்பு. பெட்டியில வந்தது இல்ல. சார்ட் பேப்பர்ல நாச்சிமுத்தண்ணனே ஸ்கேல் வச்சு, ஒவ்வொரு கட்டமா, ஆத்துக்கு நீலக் கலரடிச்சு வரைஞ்சிருந்தாரு. அவனுக்காக. எனக்கு ஒரு கோடு வரைஞ்சு குடுத்ததில்ல அந்த மனுஷன்.

அது மட்டுமில்லீங்க. கோட்டை மேல கிளெமென்ட் பேரு போட்ட ஒரு கொடி ஒட்டியிருந்துச்சு.

ரெண்டு மாசம். வந்து ஆட்டம் கத்துக்கிட்டு ரெண்டே மாசத்துல பிடிச்சுட்டான். அன்னைக்கு அண்ணன் மைசூர்பாகு வாங்கிட்டு வந்திருந்தாரு. எனக்கும் ஒண்ணு பேப்பர்ல மடிச்சு மேசையில வச்சிருந்தாரு. எறும்புக்குப் போட்டுட்டேன்.

"எப்படிப் பிடிச்சே?"ன்னு கிளெமென்ட்டைக் கேட்டேன்.

"உங்க வழிதான் அண்ணாச்சி. நோட்டுல பின்னாடி எழுதியிருக்கீங்கள்லா. சித்தப்பாதான் ஒவ்வொண்ணா வாசிச்சுச் சொல்லித் தந்தாவ. இது சென்னியப்பன் வழி, இது சென்னியப்பன் வழின்னு உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லுவாவ. எட்டாவது வழியை மட்டும் மறந்துராதேன்னாவ."

கேட்டீங்களா? என் வழி. என் கையெழுத்து. பதினாறு வருஷம் மண்டையைக் குடைஞ்சு நான் எழுதினது. அதைத் தூக்கி அவன்கிட்டக் குடுத்திருக்காரு. அதுவும் சித்தப்பாவாமா. நான் அண்ணன்னு கூப்பிட்டது பதினாறு வருஷம், இவன் வந்து ரெண்டே மாசத்துல சித்தப்பா.

பொறாமைன்னெல்லாம் சொல்லமாட்டேனுங்க. வயிறு எரிஞ்சுது, அவ்வளவுதான்.

அதுக்கப்பறம் நான் சண்டை போடல. சத்தம் போடல. எனக்குத்தான் வழி தெரியுமே. கோட்டையை அடிக்காதே, ரோட்டை அடை. அதுவரைக்கும் ரெண்டு மணி ஷிப்டுக்கு ஒன்னே முக்காலுக்கே போயிருவேன். அன்னைல இருந்து சரியா ரெண்டு மணிக்குப் போனேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. கையெழுத்துப் போட்டேன், சேர்ல உக்காந்தேன். "ஏப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னாரு. நல்லாத்தான் இருக்குதுன்னேன். "வீட்டுல ஏதாவது?"ன்னாரு. ஒண்ணுமில்லைன்னேன். அவரு கொஞ்ச நேரம் செருப்பைப் போட்டுட்டு நிப்பாரு. நான் மீட்டரைப் பாத்துட்டு இருப்பேன். அப்பறம் போயிருவாரு.

ஆட்டத்தை நிறுத்தல. அது வேற இது வேற. அந்தத் தடவை ஆறு பக்கமும் அடைச்சுப்போட்டு நான் கையே வைக்கலீங்க. பத்தாவது டர்ன் வந்துச்சு, எனக்குக் கை ஊறவே இல்ல. அப்படி ஒரு வைராக்கியம். பதினொண்ணு. நோட்டுல அவரு எழுதறாரு, "காத்திருக்கேன்." நான் எழுதறேன், "நகத்தல." அவ்வளவுதான் எங்க பேச்சு. ஒன்னரை மாசம் போச்சு.

இப்ப சொல்றதை நீங்க சரியாப் புரிஞ்சுக்கோணும்.

ஒரு புதன்கிழமை. ட்யூட்டி சார்ட்டுல நாச்சிமுத்தண்ணனுக்கு லீவு போட்டிருந்துச்சு, அவரு எடத்துல காலை ஷிப்டு கிளெமென்ட். அப்படின்னா நான் ரெண்டு மணிக்குக் கிளெமென்ட்கிட்ட சார்ஜ் வாங்கோணும். அன்னைக்கு நான் ஒன்னரைக்கே போயிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க. போனேன். ரூம்ல ஆளில்ல. லாக் புக்கு தொறந்து கிடந்துச்சு. பாத்தா, ரெண்டு மணி ரீடிங் எழுதியாச்சு. மணி ஒன்னரைதான். இன்னும் ஆகாத மணிக்கு ரீடிங் எழுதி வச்சிருக்கு.

இது பெரிய தப்புங்களான்னு கேட்டா, எல்லாரும் செய்யறதுதான். நானும் செஞ்சிருக்கேன். லோடு ஒண்ணும் பெருசா மாறாது, அஞ்சோ பத்தோ கூட்டி எழுதிட்டு எந்திரிச்சுப் போவோம். ஆனா மாட்டினா தப்பு. நான் போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சேன், சுவத்துக் கடிகாரமும் சேர்ந்து தெரியற மாதிரி. நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். யாரு பேரையும் நான் சொல்லலீங்க. "காலை ஷிப்டுல இப்படி நடக்குது சார்"னு மட்டும் சொன்னேன்.

நாச்சிமுத்தண்ணன் ஏழு எழுதினா நடுவுல குறுக்க ஒரு கோடு போடுவாரு. ஒண்ணுன்னு யாரும் நினைச்சிரக் கூடாதுன்னு. பதினாறு வருஷமா நான் படிச்ச ஏழு அது. அந்த ரெண்டு மணி ரீடிங்ல ரெண்டு ஏழு இருந்துச்சு. ரெண்டுலயும் கோடு இருந்துச்சு. பாத்தேனுங்க. பாக்கலைன்னு சொல்ல மாட்டேன். என்ன நினைச்சேன்னா, பாரு, இவன் அவரோட ஏழைக்கூட எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். அவரை மாதிரியே எழுதப் பழகிட்டான்னு. அதுல இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

மேனேஜர் ரூம்ல இருந்து திரும்பி வர்றேன், சேர்ல நாச்சிமுத்தண்ணன் உக்காந்திருக்காரு. டிரான்ஸ்பார்மர் யார்டுல எண்ணெய் மட்டம் பாக்கப் போயிருந்தாராம். கிளெமென்ட்டோட அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்கன்னு, லீவைக் கேன்சல் பண்ணிட்டு இவரே வந்துட்டாரு. மணி ஒன்னு அம்பது. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. மொகமெல்லாம் மலர்ந்து போச்சு.

"பரவால்லயே, சீக்கிரமே வந்துட்டே. நீ எப்படியும் ரெண்டடிச்சாத்தான் வருவே, வந்ததும் சேர்ல உக்காந்துக்குவே, அதுக்காக ரெண்டு மணி ரீடிங்கைக்கூட முன்னாடியே எழுதி வச்சுட்டேன். இன்னைக்காவது உங்கூடச் சித்த நேரம் பேசலாம்னு. உக்காரு. என்னப்பா ஆச்சு உனக்கு? எம்மேல ஏதாவது கோபமா?"

நான் என்ன பண்ணியிருக்கோணும்னு நினைக்கறீங்க? மேனேஜர் ரூமு அம்பது அடி தூரந்தான். திரும்பிப் போயி, சார் நான் சொன்னது தப்புன்னு சொல்லியிருக்கலாம். மேனேஜர் இன்னும் எந்திரிச்சுக்கூட இருக்க மாட்டாரு. பத்து நிமிஷம் இருந்துச்சு. ஆனா அண்ணன் பேசிட்டு இருந்தாரே. பாதியில எப்படி எந்திரிச்சுப் போறது? கிளெமென்ட்டோட அம்மாவுக்கு என்னன்னு சொல்லிட்டு இருந்தாரு. அவனைப் பத்தித்தான். எங்கூடப் பேசணும்னு உக்கார வச்சுட்டு, அதுலயும் அவனைப் பத்தித்தான் பேசறாரு. நான் உம் கொட்டிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு மணிக்கு மேனேஜர் உள்ள வந்தாரு.

அண்ணன் மறுக்கவே இல்லீங்க. "நான்தான் எழுதினேன்"னாரு. மெமோ குடுத்தாங்க. ரிட்டையர்டு ஆக ஏழு மாசம் இருந்துச்சு. சப்ஸ்டேஷன்ல இருந்து எடுத்து எடை மேடையில போட்டுட்டாங்க, லாரி நம்பர் எழுதற வேலை.

எங்க சப்ஸ்டேஷன்ல ஒரு பழக்கமுங்க. யாரு ரிட்டையர்டு ஆனாலும், கடைசி நாள் கடைசி ரீடிங்கை அவரு கையால சிவப்பு மையில எழுதுவாரு. கீழ நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். மாலை சால்வையெல்லாம் ஆபீஸ்ல குடுக்கறது, எங்களுக்கு இதுதான் மரியாதை. முப்பத்தோரு வருஷம் ரீடிங் எழுதின ஆளு. அவருக்கு அது இல்லாம போயிருச்சு. சிவப்புப் பேனாவை அவரு முன்கூட்டியே வாங்கி டிராயர்ல வச்சிருந்தாரு. இன்னும் அங்கயேதான் கிடக்குது.

போட்டோ புடிச்சது நான்னு அவருக்குத் தெரியாதுன்னுதான் நினைக்கறேன். போட்டோவை மேனேஜர் காட்டினாரு. ஓரத்துல என் சாப்பாட்டுப் பை கொஞ்சம் தெரியும். பை எல்லார்கிட்டயுந்தான் இருக்குது. அண்ணன் சம்சாரம் எனக்குத் தெச்சுக் குடுத்த பைதான், பச்சைக் கரை வச்சது. இருந்தாலும் ஓரத்துல ஒரு துண்டுதான் தெரியும். கவனிச்சிருக்க மாட்டாரு.

எடை மேடைக்குப் போறதுக்கு முன்னாடி, சாயங்காலம் சாமானை எடுக்க வந்தாரு. பெட்டியை எடுத்துட்டுப் போவாருன்னு நினைச்சேன். எடுக்கல. மேப்புக்கிட்ட நின்னாரு. என் டர்ன் பன்னண்டு முடிஞ்சிருந்துச்சு, அவரு வைக்கணும். வச்சாரு. நோட்டுல எழுதினாரு. எந்தோளைத் தொட்டுட்டுப் போனாரு.

இந்தாங்க, நீங்களே படிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல. ஆனா மனப்பாடம். "பன்னண்டாவது டர்ன். உள்ளே இருந்த பட்டாளம் எல்லாத்தையும் வெளியே அனுப்பியாச்சு. கதவு தொறந்திருக்கு. வந்து எடுத்துக்க."

பதினாறு வருஷத்துல அவரு கோட்டையை விட்டு ஒரு வாசரைக்கூட வெளிய எடுத்ததில்லீங்க. சோறு தீரப்போற நெலமையிலயும் எடுத்ததில்ல. அப்படிப்பட்டவரு பன்னண்டாவது டர்ன்ல கதவைத் தொறந்து போட்டுட்டுப் போறாருன்னா, என்ன அர்த்தம்?

பொறிதானுங்களே.

நான் பத்து மாசமாப் பாத்துட்டு இருக்கேன். இந்தப் பையில இருக்கறது அந்த மேப்புத்தான். கண்ணாடியோட ஒட்டிப் போயிருந்ததை நீராவி காட்டிப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு ஒவ்வொரு கட்டமாப் பாத்தாச்சு. ஆத்து வளைவு, மேட்டுக்காடு, எல்லாம். ஒண்ணுமே இல்ல. வெறுங்கோட்டை. ஒண்ணுமே இல்லாததுதான் சந்தேகமா இருக்குது. அதனால என் பதிமூணாவது டர்னை நான் இன்னும் வைக்கலீங்க.

அண்ணன் எடை மேடையில இருந்த ஏழு மாசமும் கிளெமென்ட் ஷிப்டு முடிஞ்சு அங்க போய் உக்காருவான். சார்ட் பேப்பர் மேப்பை ஸ்டூல்ல விரிச்சு வச்சுட்டு ரெண்டு பேரும் ஆடுவாங்க. நான் பின் கேட் வழியாப் போக ஆரம்பிச்சேன். அது எனக்குக் கிட்டக்க. கிட்டக்கன்னா, சுத்துதான், ஆனா நிழலு. மூணு மாசத்துக்கு முன்னாடி ரிட்டையர்டு ஆனாரு. நான் அன்னைக்கு லீவு.

கிளெமென்ட் ஒரு நாள் சார்ஜ் வாங்கறப்ப சொன்னான். "அண்ணாச்சி, சித்தப்பா உங்களைக் கேட்டுட்டே இருக்காவ. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்." எதுக்குன்னேன். "ஆட்டம் பாதியில நிக்கில்லா, உங்க டர்ன்தான் பாக்கின்னாவ." பாத்தீங்களா, தூது அனுப்பறாரு. அதுவும் யாருகிட்ட? போயும் போயும் அவன்கிட்ட.

அண்ணன் ஊரு இந்த ரோட்டுலதானுங்க. கள்ளிக்காட்டுப் பிரிவு. இப்ப வரும். இல்லீங்க, அதுக்காக நான் இந்த பஸ்ஸுல வர்றதில்ல. தாராபுரத்துல டீ நல்லா இருக்கும். போன மாசம் கிளெமென்ட் என்னை அங்க பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டான். போய்ச் சொல்லியிருப்பான். அதுல இருந்து மூணு வியாழக்கிழமையா, கள்ளிக்காட்டுப் பிரிவு நிழற்குடையில அவரு வந்து உக்காந்திருக்காரு. காவல் போட்டிருக்காருங்க. ஒவ்வொரு ஜன்னலாப் பாப்பாரு. நான் இந்தப் பக்கம் சீட்டுலதான் உக்காருவேன், தெரியாது.

அந்தா, புளியமரம் வந்துருச்சு. அடுத்தது அதுதான். கொஞ்சம் குனிஞ்சுக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

உக்காந்திருக்காரா? வெள்ளைச் சட்டையா? அவருதான். எளைச்சுட்டாருங்களா? பக்கத்துல எடம் காலியா இருக்குதா?

ஏனுங்க கண்டக்டரைக் கூப்பிடறீங்க? வேண்டாமுங்க. என் டிக்கெட் தாராபுரத்துக்கு. சார், என் பையை எதுக்கு எடுக்கறீங்க? எறங்கி என்னங்க சொல்றது நான்? பதினொரு வழி எழுதி வச்சிருக்கேன், தொறந்து கிடக்கற கதவுல எப்படி நுழையறதுன்னு ஒண்ணுகூட எழுதலீங்களே. இல்ல, இருங்க. எந்திரிக்கறேன். எந்திரிச்சுட்டேன். கொஞ்சம் வழி விடுங்க.

நில்லுங்க. அங்க பாருங்க, பேக்கரியில இருந்து வர்றது யாருன்னு. கிளெமென்ட். இன்னைக்கு அவனுக்கு ரெண்டு மணி ஷிப்டு, அதுக்குள்ள இங்க வந்து நிக்கறான். கையில டீ. அவனுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நான் சொன்னேனில்ல? அந்தக் காலி எடம் யாருக்குன்னு இப்பப் புரியுதுங்களா? போலாம் ரைட்டுன்னு சொல்லுங்க கண்டக்டரே. நான் எறங்கல. யாரும் எறங்கல.

போகட்டும். உக்காருங்க. நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா கண்ணால பாத்தீங்கில்ல? ரெண்டு டீ. அங்க எனக்கு எடம் கிடையாதுங்க.

என்னது?

மூணா?

இல்லீங்க, ரெண்டுதான். நான் பாத்தேனே. ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு. இன்னொரு கையில ரெண்டு டம்ளரா? சேத்துப் பிடிச்சிருந்தானா? நல்லாப் பாத்தீங்களா?

அந்த ஏழும் எனக்கு அப்படித்தானுங்க தெரிஞ்சுச்சு.

கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்புல நிறுத்துங்க. இல்ல, தாராபுரம் இல்ல, இங்கயே, அடுத்த ஸ்டாப்பு. அங்கிருந்து திரும்பி நடந்தா ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். வெயிலு வேற. போறதுக்குள்ள டீ ஆறிடும். சார், அந்தப் பையைக் குடுங்க. மேப்பு மடங்காம பாத்துக் குடுங்க.